தோட்டத்து ஏக்கரும் காட்டு ஏக்கரும்

எண்களின் கதை – 12

1954-ஆம் ஆண்டு. சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குக் கணக்கெடுப்பாளர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடும் வேலை அல்ல அது. ஊரிலேயே தங்க வேண்டும். வீட்டு ஆட்கள் எத்தனை மணி நேரம் களை எடுத்தார்கள், கூலிக்கு எத்தனை பேர் வந்தார்கள், மாடுகள் எவ்வளவு நேரம் உழைத்தன, எவ்வளவு எரு போனது, களத்துக்கு என்ன வந்து சேர்ந்தது என்று அன்றாடம் எழுத வேண்டும். மூன்று ஆண்டுகள், 1956-57 வரை, இந்தக் கணக்கு ஓடியது.

மத்திய உணவு, வேளாண் அமைச்சகத்தின் பொருளாதார, புள்ளியியல் இயக்குநரகம் நடத்திய ‘பண்ணை மேலாண்மை ஆய்வுகள்’ இவை. சென்னை மாநிலத்தில் சேலமும் கோயம்புத்தூரும், பஞ்சாபில் அமிர்தசரஸும் பெரோஸ்பூரும், உத்தரப் பிரதேசத்தில் மீரட்டும் முசாபர்நகரும், வங்காளத்தில் ஹூக்ளியும் 24 பர்கானாவும், பம்பாயில் அகமத்நகரும் நாசிக்கும், அன்றைய மத்தியப் பிரதேசத்தில் அகோலாவும் அமராவதியும் முதல் சுற்றில் இடம்பெற்றன. பண்ணைகளை நில அளவு வாரியாகப் பிரித்துச் சராசரி போட்டு அறிக்கைகள் அச்சாயின. உலகப் பொருளியலின் மிக நீண்ட விவாதங்களில் ஒன்று தங்கள் குறிப்பேடுகளிலிருந்து பிறக்கப்போகிறது என்று அந்தக் கணக்கெடுப்பாளர்கள் எண்ணியிருக்க முடியாது.

அறிக்கைகளைப் படித்தவர்களில் ஒருவர் அமர்த்தியா சென். அப்போது அவருக்கு 28 வயது. 1962 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த ‘எகனாமிக் வீக்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த அட்டவணைகளிலிருந்து அவர் எடுத்து வைத்தவை மூன்று. குடும்பத்தார் உழைப்புக்கும் சந்தைக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் இந்திய விவசாயத்தின் பெரும்பகுதி நட்டத்தில் இருக்கிறது. பண்ணை பெரிதாகப் பெரிதாக லாபம் கூடுகிறது. ஆனால், பண்ணை பெரிதாகப் பெரிதாக ஏக்கருக்கு வரும் விளைச்சல் குறைகிறது.

மூன்றாவது செய்திதான் நெருப்பைப் பற்றவைத்தது. காரணம், நாடு முழுவதும் அப்போது நில உச்சவரம்பு பற்றிய பேச்சு. சென்னை மாநிலத்தில் 1961-இல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய பண்ணையைப் பிரித்துக் கொடுத்தால் நாட்டின் விளைச்சல் கூடுமா, குறையுமா? சிறு விவசாயி திறமையானவரா, பெரிய விவசாயி திறமையானவரா? கேட்பதற்கு எளிய கேள்வி. புள்ளியியலில் இதைவிடச் சிக்கலான கேள்விகள் அதிகம் இல்லை.

முந்தைய அத்தியாயங்களில் டப்ளினின் கின்னஸ் ஆலையில் கோசெட் தீட்டிய டி-சோதனையையும், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வயல்களில் ஃபிஷர் வளர்த்தெடுத்த சோதனை வடிவமைப்பையும் பார்த்தோம். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று சொல்லும் கருவிக்கு 1908-லேயே அடித்தளம் இடப்பட்டிருந்தது. அப்படியானால் சிறு பண்ணைகளின் சராசரி விளைச்சலை ஒரு பக்கமும் பெரும் பண்ணைகளின் சராசரியை மறுபக்கமும் வைத்து டி-சோதனை போட்டால் முடிந்ததே?

முடியாது. ஃபிஷர் தன் வயலைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தார். அதனால் நல்ல மண் ஒரே உரத்தின் பக்கம் சேர்ந்துவிடும் ஆபத்து ஒடுங்கியது. கோயம்புத்தூர்க் குடியானவர்களில் யாருக்கு 3 ஏக்கர், யாருக்கு 15 ஏக்கர் என்று யாரும் சீட்டுப் போட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை. பரம்பரை, பாகப்பிரிவினை, கடன், மழை, சாதி எல்லாம் சேர்ந்து கொடுத்த நிலம் அது. பெரிய நிலம் வைத்திருப்பவர் வேறு நூறு விஷயங்களிலும் சிறிய நிலம் வைத்திருப்பவரிடமிருந்து வேறுபட்டவர். விளைச்சல் வித்தியாசத்தில் எவ்வளவு அந்த நூறு விஷயங்களால் வந்தது, எவ்வளவு திறமையால் வந்தது என்று பிரிக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதைவிட அடிப்படையான இன்னொரு சிக்கலும் உண்டு. கற்பனையாக இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். சிறிய பண்ணையில் ஏக்கருக்கு 10 மூட்டை. அதற்கு 60 ஆள்நாள் உழைப்பு. பெரிய பண்ணையில் ஏக்கருக்கு 8 மூட்டை. அதற்கு 40 ஆள்நாள் உழைப்பு. நிலத்தை வைத்துப் பார்த்தால் சிறியவர் வென்றார். உழைப்பை வைத்துப் பார்த்தால், சிறியவருக்கு ஒரு மூட்டைக்கு 6 ஆள்நாள், பெரியவருக்கு 5 ஆள்நாள் தான், பெரியவர் வென்றார். ஒரே களம், ஒரே தானியம், இரண்டு தீர்ப்பு. ‘ஏக்கருக்கு எத்தனை மூட்டை’ என்ற கேள்வி நிலத்தின் விளைச்சலைச் சொல்லும். விவசாயியின் திறனைச் சொல்லாது. சென் தந்த விளக்கமும் இதை ஒட்டியதுதான். தன் வீட்டு ஆட்களுக்கு வெளியே வேலை கிடைக்காதபோது, இன்னொரு தடவை களை எடுத்தால் கூலிக்குக் கட்டாது என்று குடியானவர் நிறுத்துவதில்லை, எடுக்கிறார். கூலி ஆள் வைத்து நடத்துபவர் கட்டாத இடத்தில் நிறுத்திவிடுவார். அதனால் சின்ன நிலத்தில் உழைப்பு அடர்த்தியாக இறங்குகிறது, விளைச்சலும் ஏறுகிறது.

இதே ஆண்டுகளில் சிகாகோவிலிருந்து இன்னொரு குரல். 1964-இல் தியோடர் ஷுல்ட்ஸ் தன் நூலில், மரபுவழி விவசாயிகள் ஏழைகள்தான், ஆனால் தங்களிடம் உள்ளதைக் கொண்டு செய்வதில் அவர்கள் தவறுவதில்லை என்று வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, உத்தரப் பிரதேசத்தின் சேனாபூர் கிராமத்தில் டேவிட் ஹாப்பர் எடுத்த கணக்கு. விவசாயி அறியாமையால் ஏழை என்ற நகரத்து நம்பிக்கைக்கு அது பலத்த அடி. ஆனால் ஷுல்ட்ஸின் வாதத்திலும் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு வைத்துச் சோதிக்கும் கருவி இல்லை.

கருவி 1971-இல் வந்தது. ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் பெயரிலேயே சோதனை, ஒப்பீட்டுத் திறன், இந்திய விவசாயம் மூன்றும் இருந்தன. எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த இருவர். லாரன்ஸ் லாவ் சீனாவில் பிறந்தவர், அப்போது முப்பதைக்கூடத் தொடாதவர். பின்னாளில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். பான் யோட்டோபௌலோஸ் கிரேக்கர். தன் நாட்டின் எபிரஸ் மலைப்பகுதி விவசாயிகளைப் பற்றி ஏற்கெனவே ஆய்வு செய்தவர். சீனரும் கிரேக்கரும் கலிபோர்னியாவில் உட்கார்ந்து இந்தியக் குடியானவரின் கணக்கைப் பிரித்துப் படித்தார்கள். தரவு, 1955–57 காலத்துப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் தரவு.

அவர்கள் முதலில் செய்தது, கேள்வியை மாற்றியது. ஒருவருடைய திறனில் இரண்டு பங்கு இருக்கிறது என்றார்கள். அதே நிலம், அதே மாடு, அதே ஆட்களைக் கொண்டு கூடுதலாக விளைவிப்பது தொழில்நுட்பத் திறன். கூலியையும் விலையையும் பார்த்து, கடைசியாக வைக்கும் ஆள் தன் கூலிக்கு ஈடாக விளைவிக்கும் இடம்வரை மட்டும் ஆள் வைப்பது விலைத் திறன். இரண்டும் சேர்ந்தது பொருளாதாரத் திறன். ஒருவர் வயலில் கெட்டிக்காரராகவும் சந்தையில் ஏமாளியாகவும் இருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம்.

அடுத்து, விளைச்சலை விட்டுவிட்டு லாபத்தை அளந்தார்கள். இதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. வழக்கமான வழி, விளைச்சலை ஒரு பக்கமும் நிலம், உழைப்பு, மூலதனம் ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து உற்பத்திச் சார்பு கட்டுவது. அமெரிக்காவில் காப், டக்ளஸ் இருவரும் 1928-இல் காட்டிய வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல மழை பெய்தால் பயிர் செழிக்கும். பயிர் செழித்தால் குடியானவர் களை எடுக்கக் கூடுதல் ஆட்களை இறக்குவார். ஆட்களால் விளைச்சல் கூடியதா, விளைச்சலைப் பார்த்து ஆட்கள் கூடினார்களா? இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது கணக்கு பிசகும். ஆனால் ஊர்க் கூலியை எந்தத் தனி விவசாயியும் நிர்ணயிப்பதில்லை. அவரிடம் உள்ள நிலமும் அந்தப் பருவத்துக்கு மாறாது. ஆகவே, இந்தக் கூலியில், இந்த நிலத்தில், இந்த மூலதனத்தில், ஆள்செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது சுத்தமான கேள்வி. இப்படிப் பார்க்கும் லாபச் சார்பின் கணிதத்தை டேனியல் மெக்ஃபேடனின் ஆய்விலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மெக்ஃபேடன் 2000-இல் நோபல் பெற்றவர்.

சமன்பாட்டில் ஒரு சிறிய உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பண்ணை 10 ஏக்கருக்கு மேல் என்றால் 1. கீழ் என்றால் 0. புள்ளியியலில் இதை டம்மி மாறி என்பார்கள். கூலியின் பங்கு, நிலத்தின் பங்கு, மூலதனத்தின் பங்கு எல்லாவற்றையும் கழித்த பிறகு அந்த 1-க்குப் பக்கத்தில் நிற்கும் கெழு பூச்சியமாக இருந்தால் இரண்டு குழுக்களுக்கும் ஒரே திறன். பூச்சியத்திலிருந்து அது நம்பத்தகுந்த அளவு விலகியிருந்தால் ஒரு குழு முந்துகிறது. விலகல் நம்பத்தகுந்ததா என்று பார்க்க வந்து நிற்பது யார்? கோசெட்டின் டி-சோதனைதான். மதுவாலையில் பிறந்த சோதனை, 63 ஆண்டுகள் கழித்து, இந்திய வயலின் வரப்பில் ஏறி நின்றது. கிரிகரி சௌ 1960-இல் இரண்டு குழுக்களுக்கு ஒரே சமன்பாடு பொருந்துமா என்று பார்க்கும் சோதனையைத் தந்திருந்தார். அது இரண்டும் வேறா என்று சொல்லும். லாவ், யோட்டோபௌலோஸ் வகுத்தது, எது எந்த வகையில் மேல் என்றும் சொல்ல முயன்றது.

முடிவு: 10 ஏக்கருக்கு உட்பட்ட பண்ணைகளே பொருளாதாரத் திறனில் மேல். இரண்டும் சமம் என்ற கருதுகோள் நிற்கவில்லை.

1973-இல் இருவரும் அதே இதழில் தொடர்ச்சி எழுதினார்கள். மேன்மை எந்தப் பங்கிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். கூலிக்குத் தக்கபடி ஆள் வைப்பதில் சிறியவரும் பெரியவரும் ஒன்றுபோலவே சரியாக இருந்தார்கள். வித்தியாசம் தொழில்நுட்பத் திறனில் இருந்தது. இது சென்னின் விளக்கத்தோடு நேராகப் பொருந்தாத முடிவு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிறு விவசாயி கூலிக்குக் கட்டாத இடத்திலும் உழைப்பை இறக்குகிறார் என்றார் சென்; அவரும் கட்டும் இடத்தில்தான் நிற்கிறார், ஆனால் அதே இடுபொருளில் கூடுதலாக எடுக்கிறார் என்றது இந்தச் சோதனை. விளைவு ஒன்று, காரணம் இரண்டு. கொள்கை வகுப்பவருக்குக் காரணம்தான் முக்கியம். வெளியே வேலை கிடைக்காததால் நிலத்தில் உழைப்பு குவிகிறது என்றால் மருந்து வேறு. கண்காணிப்பும் அக்கறையும் சின்னப் பண்ணையில் கூடுதல் என்றால் மருந்து வேறு.

அடுத்த ஆண்டே சுர்ஜித் சித்து இதே கருவியைப் பெரோஸ்பூரின் கோதுமை வயல்களுக்குக் கொண்டுபோனார். முதல் சுற்று ஆய்வில் இருந்த அதே பெரோஸ்பூர்தான். ஆனால் இடையில் பசுமைப் புரட்சி வந்துவிட்டது. சிறிய பண்ணைக்கும் பெரிய பண்ணைக்கும் திறனில் வித்தியாசம் இல்லை என்று வந்தது முடிவு. டிராக்டர் வைத்திருந்தவருக்கும் வைத்திராதவருக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை. 1950-களில் முந்திய சிறு பண்ணை, புதிய விதையும் உரமும் வந்த வயலில் சமமாக நின்றது. ஒரு காலத்து வயலில் கிடைத்த முடிவை எல்லாக் காலத்துக்கும் சட்டமாக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

கருவி நேர்த்தியானது, அதில் இந்தத் தொடரின் ஆசிரியருக்கு ஐயமில்லை. ஆனால் தராசுத் தட்டில் வைத்ததைத்தான் தராசு எடை போடும். தட்டில் வைக்கப்பட்டவை அளவு வாரியாக அச்சான சராசரிகள். சராசரிக்குள் பல ஊர்கள் கலந்திருந்தன. வாய்க்கால் பாயும் ஊரும் மானம் பார்த்த ஊரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தன. வளமான மண் அதிகம் பேரைத் தாங்கும்; அதிகம் பேர் இருக்கும் ஊரில் நிலம் துண்டுபடும். ஆக, சிறிய பண்ணை என்று நாம் பார்ப்பதில் கணிசமானது நல்ல மண் என்பதாகவும் இருக்கலாம்.

கொங்கு நாட்டில் இதை விளக்கவே வேண்டியதில்லை. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வானத்தைப் பார்த்துக் கிடப்பது காடு. தோட்டத்து ஏக்கரும் காட்டு ஏக்கரும் ஒன்று என்று அங்கே எந்தக் குடியானவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நில உச்சவரம்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் சட்டம் வெறும் ஏக்கர் என்று சொல்லாமல், நன்செய், புன்செய் என்ற வகையையும் தீர்வையையும் பார்த்துக் கணக்கிடும் தர ஏக்கர் என்று சொன்னது. சட்டம் செய்த இந்தத் திருத்தம், திறனை ஒப்பிட்ட பல அட்டவணைகளில் இல்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

1960-களின் பிற்பகுதியிலேயே ஏ.பி.ராவ், அசோக் ருத்ரா போன்றவர்கள் சராசரிகளை விட்டுத் தனித்தனிப் பண்ணைக் கணக்குகளுக்குப் போனார்கள். ஒரே ஊருக்குள் பார்த்தபோது, அளவு கூடினால் விளைச்சல் குறையும் என்ற விதி பல இடங்களில் மங்கிப்போனது. 1980-இல் சென்னும் ருத்ராவும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள்: இந்திய விவசாயம் முழுமைக்கும் ஒரே விதி கிடையாது, சில பகுதிகளில் அது உண்டு, சில பகுதிகளில் இல்லை. எதிரெதிர் முனையில் நின்று வாதிட்டவர்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டது ஆய்வுலகில் அடிக்கடி நடப்பதல்ல. 1988-இல் சுர்ஜித் பல்லாவும் பிரணாய் ராயும் (பின்னாளில் தொலைக்காட்சியில் நாடறிந்த அதே ராய்) மண்ணின் தரத்தையும் சமன்பாட்டில் சேர்த்தபோது தொடர்பு இன்னும் தளர்ந்தது.

இன்னொரு குறை கணிதத்துக்குள்ளேயே இருந்தது. லாபச் சார்பு மடக்கையில் எழுதப்பட்டது. நட்டத்துக்கு மடக்கை கிடையாது. வீட்டு ஆட்களுக்கும் கூலி போட்டால் பெரும்பகுதிப் பண்ணை நட்டத்தில்தான் இருக்கிறது என்று சென் சொன்ன முதல் செய்தி இங்கே திரும்பி வந்து நிற்கிறது. நட்டப்பட்ட பண்ணை சராசரிக்குள் கரைந்து போகலாம். தனிப் பண்ணையாக வந்தால் சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை. யாருடைய நிலையை அறிவதற்காக ஆய்வு தொடங்கியதோ, அவரே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

1977-இல் ஏய்க்னர், லவல், ஷ்மிட் ஒரு பக்கமும், மியூசன், வான் டென் புரூக் மறுபக்கமும், தனித்தனியாக ஒரே ஆண்டில் புதிய வழி திறந்தார்கள். மழை, பூச்சி போன்ற தற்செயலை ஒரு பங்காகவும், விவசாயியின் திறன் குறைவை இன்னொரு பங்காகவும் பிரிக்கும் எல்லைச் சார்பு முறை அது. குழுவுக்கு ஒரு மதிப்பெண் என்பது போய், பின்னர் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மதிப்பெண் வந்தது. தமிழ்நாட்டு நெல் விவசாயிகளிடையே கே.பி.களிராஜன் 1980-களில் செய்த ஆய்வுகள் இந்த வழியின் தொடக்கக் காலப் பயன்பாடுகளில் சேரும். தெலங்கானாவின் அவுரேபள்ளி கிராமத்து நெல் விவசாயிகளை வைத்துப் பட்டீஸும் கோயெல்லியும் 1992-இல் எழுதிய கட்டுரை, உலகெங்கும் இத்துறை மாணவர்கள் படிக்கும் கட்டுரை. அந்தக் கதை தனி அத்தியாயத்துக்கு உரியது.

இங்கே சொல்லியாக வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது: சோதனைக்கு முந்திய அளவீடு. 2018-இல் எத்தியோப்பியா பற்றியும் 2019-இல் உகாண்டா பற்றியும் வெளிவந்த ஆய்வுகள் ஒரே வயலின் விளைச்சலை இரண்டு வழிகளில் பார்த்தன. விவசாயி வாயால் சொன்ன கணக்கில் சிறு வயல் பெரிதாக முந்தியது. அறுத்து, நிறுத்துப் பார்த்த கணக்கில் அந்த முந்துதல் காணாமல் போனது. சின்ன வயல்காரர் தன் மகசூலைச் சற்றுக் கூட்டிச் சொல்லும் பழக்கமே விதியாக வேடமிட்டிருந்தது. இந்தியப் புள்ளியியலாளர்களுக்கு இந்தப் பாடம் பழையது. 1940-களிலேயே மகலனோபிஸும் சுகாத்மேயும் பயிர் அறுவடைச் சோதனையில் அறுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கடுமையாக வாதிட்டார்கள். துண்டு மிகச் சிறிதானால், எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரையும் ஆட்கள் உள்ளே சேர்த்து அறுத்துவிடுவார்கள். விளைச்சல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

லாவும் யோட்டோபௌலோஸும் சிறியது, பெரியது என்று பிரிக்க 10 ஏக்கரில் கோடு போட்டார்கள். 1970-71 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சராசரிப் பண்ணை 2.28 ஹெக்டேர். 2015-16-இல் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு.

(தொடரும்)